உப்பளத்துக் கண்

உப்பளத் தொழிலாளி பிச்சைக்கனிக்குப் பார்வை போய் ஏழு வருஷமாகியிருந்தது. உப்புப் பாத்தியைச் சிவக்கவைக்கும் நுண்ணுயிர்களில், வெளிச்சம் பட்டதும் உப்பின் அயனிகளை உள்ளே இறைக்கும் புரதம் ஒன்று உண்டு. சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் தங்கவைத்து, பார்வை திரும்ப அதை அவருடைய விழித்திரையில் வளர்த்தார்கள் டாக்டர்கள். மனைவி முத்துப்பேச்சி தினமும் போனில் கலகலவென்று பேசினாள்.

பார்வையோடு தூத்துக்குடி திரும்பியவர், கதவைத் திறந்த எலும்பும் தோலுமான பெண்ணிடம், "முத்துப்பேச்சி இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

குரல் அவளுடையதேதான்.

"கேன்சருங்க. சொன்னா வைத்தியத்தைப் பாதியில விட்டுட்டு ஓடிவந்திருப்பீங்க."

நல்ல வெளிச்சத்தில் மட்டுமே அந்தக் கண்ணுக்கு முகம் தெரியும். பிச்சைக்கனி அவளை வாசலில், மாலை வெயிலில் உட்காரவைத்து, பொழுது சாயும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.