கம்பளி ஒட்டிய கல்

மரம் முளைக்காத மலைப் புல்வெளியில் ஒரு பாழடைந்த பண்ணைவீடு. கூரை என்றோ போய்விட்டது. வடக்குச் சுவர் மட்டும் காற்றுக்கு மார்பைக் காட்டி நின்றது. பேர்பெற்ற காதல் கதை ஒன்று இந்த வீட்டில்தான் நடந்தது என்று அதன் மேல் ஒரு பித்தளைத் தகட்டை அறைந்திருந்தார்கள்.

கதையைப் படித்தவர்கள் வந்து கண்கலங்குவார்கள். போகும்போது ஆளுக்கொரு கல்லைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்.

"உம்ம மேல எவ்வளவு பிரியம் பாத்தீரா, பெரியவரே?" என்று சுவரைக் கேட்டது தகடு.

"பிரியமா? இங்கே மாடா உழைச்சுச் செத்தவன் பேர் ஒருத்தனுக்காவது தெரியுமா? நடக்காத கதைக்கு அழுதுட்டு, நிக்கிற என்னைக் கொறிக்கிறானுக."

"நான் இல்லேன்னா உம்மை நாய்கூடச் சீந்தாது!"

சுவரடியில் குட்டியை அணைத்துப் படுத்திருந்த செம்மறி தலையைத் தூக்கியது. "அண்ணே, இந்தப் பனி முடியிறவரைக்கும் தாங்கிக்கோங்க. குட்டிக்கு இன்னும் கால் ஊணலை."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், தாயி."

மறுநாள் வந்தவர் பெயர்த்தது அடிவரிசைக் கல். அன்று மாலையே பனிக்காற்று சுழன்றடித்தது. சுவர் எவ்வளவோ முக்கிப் பார்த்தது. கடைசியில் குட்டியின் மேலேயே விழுந்தது.

காற்று ஓய்ந்ததும் ஆட்கள் வந்தார்கள். கற்குவியலின் உச்சியில் தகடு பளபளத்தது. தாய் ஆடு குவியலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"அடடா, அப்படியே கதையில வர்ற மாதிரியே இருக்கு!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, கம்பளி மயிர் ஒட்டியிருந்த கல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.