அப்பா பங்குத் தண்ணீர்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த முப்பிடாதி, அப்பா இசக்கியப்பன் செத்துக் கிடப்பதைப் பார்த்ததும் அலற வாய் திறந்தாள். அம்மா பேச்சித்தாய் அந்த வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதட்டி."

தெருக்கம்பத்தில் ஆற்று வாரியம் மாட்டியிருக்கும் ஒட்டுக்கேட்கும் பெட்டிக்கு ஒப்பாரி கேட்டால் சாவு பதிவாகிவிடும். வாரியம் அந்த நிமிடமே செத்தவர் பங்குத் தண்ணீரை நிறுத்திவிடும். மகளின் பங்கோ புருஷன் ஊரில். பிறக்கும் பிள்ளைக்கு ஒரு வயதுவரை பங்கே கிடையாது.

காலையில் குழாயில் அப்பா பங்கும் சேர்ந்தே வந்தது. இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டினார்கள்.

"இனிமே அழலாமாம்மா?"

பேச்சித்தாய் மகளின் நிறைமாத வயிற்றைப் பார்த்தாள். கொல்லையில் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தாள்.

"மொதல்ல பிள்ளை பொறக்கட்டும். அது அழும்போது நாமளும் சேந்து அழுதுக்கிடலாம்."