இரண்டாவது கையெழுத்து

“இத்தாவுல இருக்கிறவ தெருவுல ஓடறா, டாக்டர் ஐயா! கையில தூக்குச்சட்டி வேற!” பரக்கத் அலி தலையில் அடித்துக்கொண்டார். “பெரிய கடைவீதியே சிரிக்குது.”

கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் இத்தா. பரக்கத் அலியின் தம்பி முகம்மது கனி இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தம்பி மனைவி வஹீதா, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் ஊற்றும் கஞ்சிக்கு தினமும் ஏழை எளியவர்களோடு வரிசையில் போய் நிற்கிறாளாம்.

“வீட்டுல நெய்ச்சோறும் கறியுமா ஆக்கி வச்சா தொட மாட்டேங்கிறா. நோன்புக்கு முந்தி, பக்கத்து வீட்டு ஹாஜிரா கொல்லை வழியா எதையோ கொடுத்துட்டிருந்தா. கொல்லைக் கதவுக்கு ஆணி அடிச்சேன். இன்னிக்கு வாசலையும் பூட்டியாச்சு.”

“வேற டாக்டர் யாராவது பார்த்தாங்களா?”

“ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார். உட்காரக்கூட இல்லை. பைத்தியம்னு எழுதிட்டார். நீங்களும் எழுதிட்டா மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டுடுவார். அப்புறம் மதராஸ்தான், கீழ்ப்பாக்கம்தான்.”

டாக்டர் அமிர்தசாமி கைப்பையைக் கீழே வைத்தார். முகம்மது கனி கண்மூடிய அன்றும் அவர்தான் இந்த வீட்டுக்கு வந்தார். வாந்திபேதி என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் வேறு ஒருவரையும் நோய் தொடாதது ஆண்டவர் கிருபை என்று சொல்லி, அழுதவர்களைத் தேற்றிவிட்டுப் போனார்.

இப்போது தோல் மண்டியில் தம்பியின் பங்கு அந்தப் பெண்ணுக்கு வரவேண்டும். துறையூரில் இருந்த அவளுடைய தகப்பனாரும் போய்விட்டார். கேட்பாரில்லாத ஒருத்தியைப் பைத்தியமாக்கி அனுப்ப, இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

“சட்டப்படி நான் தனியாத்தான் பார்க்கணும். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

“தனியாவா? பார்த்து, ஐயா, கடிச்சு வச்சிடப் போறா!” சிரித்துக்கொண்டே பரக்கத் அலி வெளியே போய்க் கதவைப் பூட்டினார். சிரிப்பு நின்றது. ஆனால் காலடிச் சத்தம் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே போவதும் வருவதுமாக இருந்தது.

அறையின் குறுக்கே வெள்ளைத் திரை தொங்கியது. அதன் முன்னால் பேரீச்சம்பழமும் வடையும் சர்பத்தும் வைத்த தட்டு. திரைக்குப் பின்னால் ஒரு நிழல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“இன்னிக்கு என்ன கிழமை, தாயி?”

“வியாழக்கிழமை, ஐயா. பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள்.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியாமலா? வாந்திபேதின்னு எழுதிக் கொடுத்த டாக்டரையா.”

குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை.

“கஞ்சிக்கு ஏம்மா ஓடினே?”

“பசிச்சுது.”

“வீட்டுல சோறு இல்லையா?”

“நிறைய இருக்கு.”

வெளியே காலடிச் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தமும் நின்றது. இரண்டும் மறுபடி தொடங்கியபோது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

“நோன்பு திற, தாயி. தட்டு எதிரிலேயே இருக்கு.”

“அது வேணாம், ஐயா. மாடத்துல என் தூக்குச்சட்டி இருக்கும். நான் வரலையேன்னு, பாங்கு சொல்ற மோதினார் தானே கொண்டாந்து கொடுத்தார். எனக்கு எட்டாம மேலே வச்சுட்டாங்க.”

டாக்டர் எழுந்து மாடத்தில் கைவிட்டுச் சட்டியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. மூடியைத் துடைத்துத் திரைக்கு அடியில் தள்ளினார். அவள் பிஸ்மில்லா சொல்வதும், மடக் மடக்கென்று குடிப்பதும், விரலால் சட்டியை வழிப்பதும் கேட்டன. அவர் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார். பைத்தியமாவது! பசித்தவளைப் பூட்டி வைத்துவிட்டு அவளைப் பைத்தியம் என்கிறார்கள்.

அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

“இதைக் கேளு, தாயி. உனக்குப் புத்தி தெளிவா இருக்கு. ஸ்ரீரங்கத்துக்காரர் எழுதினது எழுதினதா இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன்னை இந்த வீட்டை விட்டு யாரும் கொண்டுபோக முடியாது. ஆண்டவர் மேல ஆணை.”

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து விசும்பல்தான் வந்தது. பிறகு, தூக்குச்சட்டியை மெல்லத் தரையில் வைக்கும் சத்தம்.

தெருவில் பிள்ளைகள், “பிறை! பிறை!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பூட்டில் சாவி திரும்பியது.

“அவரும் இந்த வீட்டுச் சோத்தைத்தான் சாப்பிட்டார், ஐயா,” என்றாள் வஹீதா. மூச்சுக் காற்று மட்டுமே குரலாக இருந்தது.

டாக்டரின் கை திரையைப் பிடித்தபடி நின்றுவிட்டது. வீடு நிறைய ஆட்கள். வேறு ஒருவரையும் தொடாத வாந்திபேதி.

கதவு திறக்குமுன் அவள் அவசரமாகச் சொன்னாள்:

“பைத்தியம்னே எழுதிடுங்க. நாளையிலேர்ந்து பள்ளிவாசல்ல கஞ்சி கிடையாது.”