நாக்குக்கு நோன்பு

“சார், ரைட்டுன்னு சொன்னீங்களே... வலது பக்கம் திருப்பச் சொன்னீங்களா, இல்ல சரின்னு சொன்னீங்களா?”

கார் ஓட்டப் பழக வந்த அந்த அம்மா இதைக் கேட்டபோது, காரின் முன்சக்கரங்கள் நடைபாதை மேல் ஏறி ஒரு மருந்துக்கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு உள்ளே ஓடியிருந்தார்.

மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

“சரின்னுதான்மா சொன்னேன். பரவாயில்ல. ரிவர்ஸ் போடுங்க.”

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பட்டாசு மாஸ்டர் என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் எவரும் இல்லை. திட்டு கிளட்ச்சில் ஆரம்பித்து ஏழு தலைமுறை வரை போகும்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு, இந்த வருஷமும் வழக்கம்போலக் கறியை விடப் போவதாக வீட்டில் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“கறியை விட்டா ஆட்டுக்கு நல்லது. அந்த வாயை விடுங்க. காலைல கோயில்ல ஆண்டவரைப் புகழ்றதும் அதே நாக்குதானே?”

சுருக்கென்றது. ஆண்டவரே, உம்மை நேசிக்கிறேன் என்று வருஷாவருஷம் பாடியாகிவிட்டது. ஒரு முறையாவது செய்து காட்ட வேண்டாமா? தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு பீடத்தின் முன் மண்டியிட்டு வாக்குக் கொடுத்தார். உயிர்ப்பு ஞாயிறு வரை ஒரு திட்டுகூட இல்லை. ஒன்று தவறினாலும் அத்தனையும் போச்சு.

மறுநாள் இந்த அம்மா வந்து சேர்ந்தார். ஏதோ பெரிய அலுவலகத்தில் மேலதிகாரி. வேறு இரண்டு ஆசிரியர்கள் சும்மா இருக்க, பட்டாசு மாஸ்டர்தான் வேண்டும் என்று கேட்டாராம்.

முதல் வாரம் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டர். இரண்டாம் வாரம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர். மூன்றாம் வாரத்தில் போக்குவரத்துக் காவலர் தூரத்திலேயே பார்த்து, கும்பிட்டு வழிவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா திரும்பி மாஸ்டரின் முகத்தையே பார்ப்பார். தப்புதானே சார் என்று வேறு கேட்பார். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்வதற்குள் மாஸ்டருக்கு நாக்கு ரணமாகிவிடும். அத்தனை கடி.

முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தார். நான்காம் வாரம், கார் ஒரு மைல்கல்லைத் தொட்டு நின்றபோது, ஒரு கேள்வி தானாக வந்தது. ஆண்டவரே, என் பக்கத்திலும் நீர் இப்படித்தான் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறீரா, இத்தனை வருஷமாக?

அன்று அவர் வீட்டுக்கு நடந்தே போனார்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாள். கடைசி வகுப்பு. பயிற்சி மைதானத்தில் அந்த அம்மா ரிவர்ஸ் எடுத்தார். வேலியோரம் மாஸ்டரின் புது பைக் நின்றது. மாஸ்டர் பிரேக்கை மிதிப்பதற்குள் டமாலென்று சத்தம். பைக் சாய்ந்து, முன்விளக்கு சுக்குநூறானது.

அலுவலக ஜன்னலில் மற்ற ஆசிரியர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மாஸ்டர் இறங்கினார். பைக்கைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒரு நீண்ட மூச்சு.

“உங்களுக்கு அடி கிடி படலையேம்மா?”

அந்த அம்மா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து விசும்ப ஆரம்பித்தார். மாஸ்டர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். திரும்பி வந்தால், கார் இரண்டு வண்டிகளுக்கு நடுவே, சாண் இடைவெளியில், அவரால்கூட முடியாத நேர்த்தியில் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து இருபத்திரண்டு வருஷப் பழைய லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

“ஆபீஸ்ல என்னை ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது சார். இந்த அகம்பாவம் ஒழியணும், தவக்காலம் பூரா தினம் ஒருத்தர்கிட்ட திட்டு வாங்கறேன்னு ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிட்டு, ஊர்லயே மோசமான வாய் யாருக்குன்னு விசாரிச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். இப்படி மோசம் பண்ணிட்டீங்களே.”