எதிர்த் தொட்டில்

யுத்தம் முடிந்து வருகிற முதல் திருவிழா. சாந்தோம் கோயிலுக்குள் காலைப் பூசை இன்னும் நடக்கிறது. வெளியே மைதானத்தில் பொரிக்கடைகள் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. கடற்காற்றில் காகிதத் தோரணம் படபடக்கிறது. லூயிசா மகள் பிலோமியை அணைத்துக்கொண்டு ராட்டினத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மைத் தழும்பு விழுந்த அந்தச் சின்ன முகத்தின் மேல் முக்காட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது அம்மாவின் கை. ஜனம் வருவதற்குள் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

“சீக்கிரம் சுத்து நைனா.”

ராட்டினக்காரர் பீடியை அணைக்கிறார். “ரெண்டு பேரும் ஒரே பக்கம் குந்திக்கினா எப்டிம்மா சுத்தறது? எதிர்த் தொட்டில்ல கனம் வோணும். கூட்டம் வரட்டும்.”

லூயிசா கோயில் கதவைப் பார்க்கிறாள். பிறகு தான் மட்டும் இறங்கிப் போய், ராட்டினக்காரர் சமமாகப் பிடித்து நிறுத்திய எதிர்த் தொட்டிலில் ஏறுகிறாள். “முக்காட்ட விட்டுடாத கண்ணு.”

மரம் முனகுகிறது. அம்மா தாழ, மகள் உயர்கிறாள். கோயில் மணி அடிக்கிறது. கதவு திறந்து ஜனம் மைதானத்துக்குள் வழிகிறது.

“போதும், நிறுத்து நைனா!” என்று கீழே வந்துவிட்ட லூயிசா பதறுகிறாள்.

“அம்மா, எல்லாரும் வர்றாங்க! எங்க ஸ்கூல் ஸ்டெல்லாகூட வர்றா!”

உச்சியில் பிலோமியின் முகம் மூடாமல் வெயிலில் மின்னுகிறது. கழற்றிய முக்காட்டை அவர்களைப் பார்த்து இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.