முடுக்குக் கதவு

கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த களஞ்சியம், தொப்பியைக்கூடக் கழற்றாமல் பின்வாசல் கதவின் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கிறார். பெண்கள் தெருவை மிதிக்காமல் வீட்டுக்கு வீடு போய்வரும் முடுக்கு அந்தக் கதவுக்கு அப்பால்தான். தலைவாசலில் எந்நேரமும் ஆண்கள் நடமாட்டம். அவர் மனைவி ரிபாயாவுக்கு வெளி என்று இருப்பது இந்த முடுக்கு ஒன்றுதான். கதவிடுக்கின் வழியே தரையில் நீளும் வெயில் கோடு, பலகை ஏற ஏறத் துண்டு துண்டாகிறது. கடல்காற்று நின்றுபோய், தாளித்த புகை அடுப்படியிலேயே சுற்றுகிறது. ரிபாயாவின் கையில் கழுவிய தட்டு சொட்டிக்கொண்டிருக்கிறது.

"பள்ளிவாசல்ல ஹஜ்ரத் பயான்ல சொன்னாரு, கேட்டியா? வர்ற காலமெல்லாம் முந்துனத விட மோசமாத்தான் வருமாம். பொறுமையா இருக்கணுமாம். பொம்பளைக வீடு வீடாப் போறதே கேடு."

"மைக்குல எனக்கும் கேட்டுச்சுங்க. அந்தக் காலத்துல ஹஜ்ஜாஜுன்னு ஒரு கொடுமக்கார அதிகாரி மேல முறையிட வந்தவுங்களுக்கு எடுத்துச் சொன்ன நபி வாக்கு, ஹதீஸ் அது."

சுத்தியல் நிற்கிறது. "அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லங்க. போன ஜும்ஆவுக்கு இந்தக் கதவு தெறந்து கெடந்துச்சு. ஹதீஸ் சரியாத்தான் இருக்கு."

முடுக்கின் பக்கமிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "ரிபாயா லாத்தா, தெறங்க. மீன் ஆணம் ஆறுது."

களஞ்சியம் பல்லில் கடித்திருந்த ஆணியை எடுக்கிறார். அடுத்த அடி, அந்தத் தட்டலின் மேலேயே விழுகிறது.