பளபளத்துப் போன கழுத்து

"இதை யாரு வாசிச்சது?"

மஸ்கட்டிலிருந்து அன்று காலைதான் பட்டாபிராம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான் பிரசன்னா. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. பீரோ மேலிருந்த பேஸ் கிட்டாரைத்தான் முதலில் இறக்கினான். உறையைக் கழற்றியதுமே முகம் மாறிவிட்டது.

"ஏன், பளபளன்னு நல்லாத்தானே கீது? துணி வெச்சி துடைச்சேன்," என்றாள் அவன் மனைவி ஆக்னஸ், காபி டம்ளரை நீட்டியபடி.

"துடைச்சா இப்படி ஆவாது. எங்கிட்டயே கதையா?"

ஆகாதுதான். கிட்டாரில் இடது கை பிடிக்கிற நீளமான கழுத்து இருக்கிறதே, அதில் இரண்டு வகை. வார்னிஷ் பளபளக்கும் கிளாஸி ஒன்று. பளபளப்பில்லாமல் மழமழவென்று இருக்கும் சாட்டின் இன்னொன்று. பிரசன்னா சாட்டின் கட்சி. நம்ம ஊர் வெயிலுக்கு, வேர்த்த கை கிளாஸியில் ஒட்டிக்கொண்டு நகராது என்பது அவன் வாதம்.

கல்யாண வரவேற்புகளில் பேஸ் வாசிக்கிற அவன் நண்பன் ஜெபா கிளாஸி கட்சி.

"கை வேர்த்தா டாக்டரைப் பாரு மச்சான். கிட்டாரைக் குறை சொல்லாத," என்பான்.

டீக்கடையில் இருவரும் இதை ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்று. சாட்டின் கழுத்தை மாதக்கணக்கில் தினமும் வாசித்தால், கை உரசி உரசி அதுவும் பளபளத்துவிடும்.

இப்போது அதுதான் நடந்திருந்தது. அதுவும் புத்தம் புது கிட்டார். கம்பெனி திடீரென்று மஸ்கட்டுக்கு அனுப்பியபோது, "யார் கேட்டாலும் குடுக்காத" என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் வேறு யார் வாசிப்பது? ஆக்னஸுக்கு அந்தத் தொம் தொம் சத்தமே ஆகாது. அவன் பேஸோடு உட்கார்ந்தால், நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அப்படியானால் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

சர்ச் பாட்டுக்குழுவை நடத்தும் அமல்ராஜுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நான் வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை வாசிக்க வரேன்."

"வா நைனா வா. ஆனா உன் எடத்துல ஆள் கீதே."

"யாருண்ணே?"

"வந்துதான் பாரேன்."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. சந்தேகமே இல்லை, ஜெபாவின் சிரிப்பு.

பிரசன்னா போனைக் கட்டிலில் விட்டெறிந்தான். மஸ்கட்டில் ஒன்றரை வருஷமும் அவன் ஏங்கியது அந்த ஒரு இடத்துக்குத்தான். மேடையின் இடது ஓரம், அமல்ராஜின் கீபோர்டுக்குப் பக்கம். இடமும் போச்சு, கிட்டாரும் கை மாறிப் போச்சு. அதையும் பொண்டாட்டியே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் ஆசையாக வைத்த வஞ்சிர மீன் குழம்பை, உப்பு ஜாஸ்தி என்று தள்ளிவைத்தான். அவளோ கோபப்படவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. அது வேறு அவனுக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை, பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரத்தோடு சர்ச்சுக்குக் கிளம்பிப் போனான். அங்கே ஜெபா மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், என் சாட்டினை நல்லா வாசிச்சியா?"

"நானா? உன் பேஸைத் தொடக்கூட உடல உன் ஊட்டுக்காரம்மா. சொல்லிக் குடுக்கிறப்போகூட என் கிளாஸியிலதான் காட்டணும்னு கண்டிஷன்."

"யாருக்குச் சொல்லிக் குடுத்த?"

ஜெபா சிரித்தான். பிரசன்னாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டது.

"குடுங்க, நேரமாச்சு."

ஆக்னஸ் முந்தானையை இடுப்பில் செருகி, பேஸை மாட்டிக்கொண்டு, மேடையின் இடது ஓரத்தில் போய் நின்றாள். அமல்ராஜ் தலையசைத்தார். முதல் பாட்டிலேயே பெஞ்செல்லாம் அதிர்ந்தது. எங்கேயும் பிசகவில்லை. குனிந்து விரலைப் பார்க்கவும் இல்லை. சபையைப் பார்த்துச் சிரித்தபடி வாசித்தாள். பிரசன்னாவுக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றான்.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த மூஞ்சியைப் பாத்திருக்க முடியுமா?"

"அது சரி. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"உங்க எடத்துல நிக்க மாட்டேன்னு ஜெபா அண்ணன் சொல்லிட்டாரு. சென்னீர்குப்பத்துலேர்ந்து யாரையோ கூட்டிக்கினு வரதா பேசிக்கினாங்க. புதுசா ஒருத்தர் வந்து நின்னுட்டா, நீங்க வந்தப்புறம் அவரைப் போன்னு சொல்ல முடியுமா? அதான் நானே கத்துக்கினு நின்னுட்டேன். இந்தாங்க, உங்க எடம்."

பிரசன்னா கிட்டாரை வாங்கவில்லை.

"நீயே வாசி. இது உன் கைக்குப் பழகிடுச்சு. நான் ஜெபாகிட்ட கேட்டு ஒரு கிளாஸி வாங்கிக்கிறேன்."

"ஸ்தோத்திரம்," என்று ஜெபா இரண்டு கையையும் உயர்த்தினான்.

"ஐயோ சாமி, வேணவே வேணாம். புடிங்க முதல்ல," என்று ஆக்னஸ் பேஸை அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

"ஏன்டி, இவ்ளோ நல்லா வாசிக்கிற. இன்னுமா இந்தச் சத்தத்துக்குத் தலைவலி வருது?"

"வராம? ஒன்றரை வருஷமா தினம் ரெண்டு வேளை," என்றபடி கைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தாள் ஆக்னஸ்.